கோத்தகிரி குளிரில் கேழ்வரகு முளைகட்டுவது எப்படி? மஞ்சள், மிளகு, பூண்டு பற்றியும் சில சந்தேகங்கள்

மலைச்சாமை, கோத்தகிரி:

எல்லாருக்கும் வணக்கம். கட்டபெட்டு பக்கம் எங்கள் மகளிர் குழு முளைகட்டிய கேழ்வரகு மாவு அரைத்து விற்கலாம் என்று இருக்கிறது. ராத்திரி ஊறவை, காலையில் துணியில் கட்டு, மறுநாள் முளை என்று கீழ்நாட்டில் சொல்கிற கணக்கு இங்கே ஒத்துவருவதில்லை. மார்கழி, தையில் நாலு நாள் ஆனாலும் பாதி தானியம் முளைக்காமல் கிடக்கிறது. முளைத்ததிலும் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ படர்கிறது. அது பூசணமா இல்லையா என்பதிலேயே குழுவுக்குள் இரண்டு கட்சி.

இன்னொன்று. கேழ்வரகின் துவர்ப்புதான் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்று ஒரு பக்கம் படிக்கிறோம். அதே துவர்ப்புதான் இரும்புச் சத்தை உடம்பில் ஒட்டவிடாது என்று இன்னொரு பக்கம் படிக்கிறோம். எங்களிடம் வாங்கப்போகிறவர்களில் ரத்தசோகை உள்ள பெண்களும் உண்டு, சர்க்கரை உள்ள பெரியவர்களும் உண்டு. யாருக்கு எதைச் சொல்வது?

மஞ்சளும் மிளகும் சேர்த்து ஒரு பால் பொடியும் போடச் சொல்கிறார்கள். மிளகு சேர்த்தால் மஞ்சளின் சத்து 20 மடங்கு ஏறும் என்பது உண்மையா? கொதிக்கவைத்தால் எல்லாம் போய்விடுமா? பூண்டுக்கும் இதே கேள்விதான். அளவோடும் காரணத்தோடும் சொன்னால் உதவியாக இருக்கும்.

குன்னூர் தானியம்:

தோழி, முதலில் முளை. கேழ்வரகுக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் கிடைத்தால் ஒன்றரை, இரண்டு நாளில் சீராக முளைக்கும். தை மாதத்தில் உங்கள் பக்கம் வீட்டுக்குள்ளேயே ராத்திரி 12, 13 டிகிரிதான் இருக்கும். அந்தக் குளிரில் விதை தூங்கும், பூசணம் தூங்காது. நாலு நாள் ஈரத்தில் கிடந்தால் முளைக்காத தானியத்தில்தான் அது முதலில் பிடிக்கும்.

ஒரு கிலோவுக்குச் சொல்கிறேன். விதைத்தரமான, அந்த வருடத்துக் கேழ்வரகாக இருக்கட்டும். பழையதில் முளைப்பு குறையும். கல் அரித்து, மிதக்கும் பதரைக் கொட்டிவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 35 டிகிரி, மூன்று லிட்டர் தண்ணீரில் ஊறப் போடுங்கள். குழாய்த் தண்ணீரில் அப்படியே போட்டால் விதை விழிக்கவே ஒரு நாள் ஆகும். 10 முதல் 12 மணி நேரம் போதும், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். 12 மணிக்கு மேல் விட்டால் விதைக்குக் காற்று கிடைக்காமல் புளித்த வாடை வரும், முளைப்பும் குறையும். துவர்ப்பில் ஒரு பங்கு இந்த ஊறவைத்த தண்ணீரிலேயே கரைந்து போகிறது. பழுப்பாக வரும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம்.

வடித்த பிறகு அரைமணி நேரம் துணியில் தொங்கவிட்டு, சொட்டுவது நின்றபின் தெர்மாகோல் பெட்டிக்குள் ஈரத்துணி விரித்து இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். இறுக்கி மூட்டை கட்டாதீர்கள். நடுவில் சூடேறி அழுகும், ஓரம் காயும். ஒரு லிட்டர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துண்டு சுற்றி மூலையில் வையுங்கள், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தானியத்துக்குள் ஒரு வெப்பமானி செருகியிருக்கட்டும், 25க்கும் 28க்கும் நடுவில் நின்றால் சரி. மூடியை ஒரு விரல் அளவு திறந்தே வையுங்கள். காலை, மாலை கையால் புரட்டி லேசாகத் தண்ணீர் தெளித்தால் 36 முதல் 48 மணி நேரத்தில் முளை அரை சென்டிமீட்டர் வந்துவிடும். அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் வளர்ந்தால் மாவு கசக்கும், எடையும் குறையும்.

அந்த வெள்ளை நூல் விஷயம். கேழ்வரகு வேர் விடும்போது அதைச் சுற்றிப் பஞ்சு மாதிரி மெல்லிய வேர்த்தூவி வரும். ஒரு முளையைத் தனியாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வேர்த்தூவி என்றால் அப்படியே வேரோடு ஒட்டி மறைந்துவிடும், பச்சைப்புல் வாசம் வரும். அது வேரின் மேல் மட்டும்தான் இருக்கும். பூசணம் தானியத்தின் மேலேயே பிடிக்கும், பக்கத்துத் தானியத்தையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளும், தண்ணீர் பட்டாலும் மறையாது, முடை வாடை அடிக்கும். சாம்பல், பச்சை, கறுப்பு நிறம் தெரிந்தால் பேச்சே இல்லை. அந்தத் தட்டு முழுவதையும் கொட்டுங்கள். வறுத்து அரைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பூசணம் செத்தாலும் அது விட்ட நஞ்சு சூட்டில் போவதில்லை.

அடுத்து துவர்ப்பும் இரும்பும். நீங்கள் படித்த இரண்டுமே சரி. கேழ்வரகுக்குத் துவர்ப்பு தரும் பாலிஃபீனால்களில் பெரும்பகுதி அந்தச் செம்பழுப்புத் தோலில் இருக்கிறது. அவை மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸைக் கொஞ்சம் தடுக்கும், அதனால் சர்க்கரை மெதுவாக ஏறும். அதே பாலிஃபீனால்கள் குடலில் இரும்போடு கைகோத்துக்கொண்டு அதை உள்ளே போகவிடாமல் வெளியேற்றிவிடும். தோலில் இருக்கும் ஃபைட்டேட்டும் அதே வேலையைச் செய்கிறது. முளைகட்டும்போது விதைக்குள் இருக்கும் ஃபைட்டேஸ் என்ற நொதி விழித்து ஃபைட்டேட்டை உடைக்கிறது, துவர்ப்பான டானினும் குறைகிறது. அதனால் ரத்தசோகைக்காரருக்கு முளைகட்டிய மாவு, சாதா மாவைவிட மேல். வெள்ளைக் கேழ்வரகு ரகங்களில் டானின் மிகக் குறைவு, அதையும் யோசிக்கலாம்.

ஆனால் எதிர்பார்ப்பை அடக்கியே வையுங்கள். 100 கிராம் கேழ்வரகில் இரும்பு நாலு, நாலரை மில்லிகிராம்தான். ஒருவேளைக்கு 60 கிராம் மாவு என்றால் மூன்று மில்லிகிராமுக்குள், அதிலும் உடம்பில் சேர்வது சிறு பங்கு. கேழ்வரகின் பெருமை கால்சியம். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். ரத்தசோகைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்க யாரையும் விடாதீர்கள். அந்த மாத்திரையைக் கேழ்வரகுக் கஞ்சியோடும் பாலோடும் விழுங்கவும் கூடாது. கால்சியமும் துவர்ப்பும் மாத்திரையில் இருக்கும் இரும்பையும் பிடித்துக்கொள்ளும்.

நம் மலையில் இதைவிடப் பெரிய இடைஞ்சல், சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீ. சாப்பாட்டோடு டீ குடித்தால் தானியத்திலிருந்து கிடைக்கும் இரும்பு பாதிக்கு மேல் குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தாலே பெரிய வித்தியாசம். கஞ்சி குடிக்கும் வேளையில் ஒரு நெல்லிக்காயோ, கொய்யாவோ, அரை எலுமிச்சையின் சாறோ சேர்ந்தால் வைட்டமின் சி அந்தத் தடையை ஓரளவு உடைக்கும். எலுமிச்சையைக் கொதிக்கும் கஞ்சியில் பிழியாதீர்கள், ஆறினபின் பிழியுங்கள்.

ஊட்டி டயட்:

குன்னூர்க்காரர் சொன்னதில் ரத்தசோகைப் பகுதிக்கு அப்படியே கையெழுத்துப் போடுகிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு முளைகட்டிய மாவை விற்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும்.

முளைகட்டும்போது ஃபைட்டேஸ் மட்டுமா விழிக்கிறது? அமைலேஸும் பெருகுகிறது. அது மாவுச்சத்தைச் சின்னச் சர்க்கரைகளாக வெட்டிவிடும். முளைகட்டிய மாவில் காய்ச்சும் கஞ்சி கெட்டியாகாமல் நீர்த்து ஓடுவதும், லேசாக இனிப்பதும் அதனால்தான். குழந்தைக்கு இது வரம். அதே டம்ளருக்குள் கூடுதல் மாவைக் கரைத்துக் கொடுக்கலாம். சர்க்கரைக்காரருக்கு அதே குணம் கெடுதல், குடித்த வேகத்தில் சர்க்கரை ஏறும். துவர்ப்பும் குறைந்துபோன மாவு என்பதால் தடுக்கவும் ஆள் இல்லை. இவர்களுக்கு முளைகட்டாத கேழ்வரகைத் தோலோடு கொரகொரப்பாக அரைத்து, சலிக்காமல், களியாகவோ அடையாகவோ கொடுங்கள். 50, 60 கிராம் மாவுக்கு மேல் வேண்டாம். கூடவே அவரையோ மொச்சையோ போட்ட குழம்பும் ஒரு கை கீரையும். நைசாக அரைத்து, சலித்து, கஞ்சியாகக் காய்ச்சினால் கேழ்வரகும் அரிசிக் கஞ்சி மாதிரியே நடந்துகொள்ளும்.

இந்த மலையில் காலங்காலமாக விளைந்த இன்னொரு தானியம் இருக்கிறது, பார்லி. அதில் இருக்கும் பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார் குடலில் கொழகொழவென்று கூழாகி, சர்க்கரையையும் பித்தநீரையும் மெதுவாகவே விடும். ரத்தக் கொழுப்பு குறைய ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் என்ற அளவை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஏற்றிருக்கிறது. நம் சமையலில் அது 60 முதல் 75 கிராம் உலர்ந்த பார்லி. தீட்டிய பார்லியிலும் இது இருக்கும், ஏனென்றால் இந்த நார் தோலில் மட்டும் இல்லாமல் மணி முழுக்கப் பரவியிருக்கிறது. தண்ணீரை மட்டும் வடித்துக் குடித்துவிட்டு மணியை மாட்டுக்கு வைக்காதீர்கள், நாரில் பெரும்பங்கு மணியிலேயே நிற்கும்.

பார்லியை முளைகட்டவே கூடாது. கேழ்வரகுக்கு நல்லது செய்த அதே முளை இங்கே பீட்டா குளூக்கனை வெட்டிக் கொழகொழப்பையே இல்லாமல் செய்துவிடும். ராத்திரி ஊறவைத்து, நாலு மடங்கு தண்ணீர் ஊற்றி, குக்கரில் வேகவையுங்கள். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், கோத்தகிரியில் 94 டிகிரி அளவில். திறந்த பாத்திரத்தில் பார்லியும் பயறும் எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுமணி வேகாமல் நிற்பது அதனால்தான். குக்கரிலும் கீழ்நாட்டுக் கணக்கைவிட இரண்டு விசில் கூட்டுங்கள்.

கோதுமை வேண்டுமென்றால் சம்பா கோதுமை. வெலிங்டனில் இருக்கும் கோதுமை ஆராய்ச்சி நிலையம் நம் பக்கத்திலேயே இருக்கிறது, விதை விசாரிக்கலாம். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பார்லியும் ஆகாது, கேழ்வரகு ஆகும்.

தாண்டிக்குடி மிளகு:

மஞ்சள், மிளகு கேள்விக்கு வருகிறேன்.

20 மடங்கு என்பது கட்டுக்கதை இல்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998ல் வெளிவந்த ஆய்வு அது. மஞ்சளின் சத்தான குர்குமினை 2 கிராம் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் தெரிந்ததே அபூர்வம். கூடவே மிளகின் காரச்சத்தான பைப்பரினை 20 மில்லிகிராம் கொடுத்ததும் அது 2000 விழுக்காடு ஏறியது. ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் 3 கிராம். நல்ல மஞ்சளில் குர்குமின் வகை 3 விழுக்காடு என்று வைத்தால் 90 மில்லிகிராம். அந்த ஆய்வில் கொடுத்த குர்குமினைச் சமையல் மஞ்சளிலிருந்து எடுக்க 65 கிராமுக்கு மேல் தின்ன வேண்டும். ரத்தத்தில் இருப்பதே தெரியாத ஒன்று 20 மடங்கு ஏறினாலும் கொஞ்சம்தான். அதனால் உங்கள் பொடியை மருந்து என்று நினைத்து விற்காதீர்கள், நல்ல சமையல் பொருளாக விற்கலாம்.

மிளகின் அளவு எளிது. மிளகில் பைப்பரின் ஏறக்குறைய 5 விழுக்காடு என்று வைப்போம். 20 மில்லிகிராமுக்கு 0.4 கிராம் மிளகு, அதாவது எட்டு, ஒன்பது மணி. ஒரு டம்ளர் பாலுக்கு அரைத் தேக்கரண்டி மஞ்சளும் நாலைந்து மிளகும் தாராளம்.

முறைதான் முக்கியம். குர்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆடை எடுக்காத பாலில் மஞ்சளைப் போட்டு, சின்னத் தீயில் மூன்று, நாலு நிமிடம் கலக்கிக்கொண்டே காய்ச்சுங்கள். குடித்து முடிக்கும்போது டம்ளர் அடியில் ஆரஞ்சு நிறமாக ஒரு வண்டல் நிற்கும். கரையாத குர்குமின் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. பலரும் அதைத்தான் கழுவி ஊற்றுகிறார்கள். சுற்றிவிட்டுக் குடியுங்கள்.

கொதித்தால் போய்விடுமா என்றால், ஒரு பங்கு போகும். மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வகம் (சிஎஃப்டிஆர்ஐ) 2007ல் அளந்து சொன்னது: சமையல் சூட்டில் மஞ்சளின் குர்குமின் 27 முதல் 53 விழுக்காடு வரை குறைகிறது. பத்து நிமிடம் குக்கரில் வைத்ததில்தான் இழப்பு அதிகம். புளி சேர்ந்திருந்தால் இழப்பு 12 முதல் 30 விழுக்காட்டோடு நிற்கிறது. மிளகின் பைப்பரின் 16 முதல் 34 வரை. ஆக, பருப்போடு மஞ்சளைப் போட்டு நாலு விசில் விடுவதைவிட, புளித்தண்ணீர் கொதிக்கும்போது போடுவது மேல். எண்ணெய் தாளிப்பில் மஞ்சளைப் போட்டால் உடனே காய் விழ வேண்டும், கருகவிடக் கூடாது. சமையல் சோடா சேரும் பண்டத்தில் மஞ்சள் சிவந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். காரத்தன்மையில் குர்குமின் சீக்கிரம் சிதையும். வெயிலிலும் வெளுக்கும். கண்ணாடி பாட்டிலில் ஜன்னலோரம் வைக்காமல் தகர டப்பாவில் வையுங்கள்.

வாங்குவதும் கவனம். தூளாக வாங்காதீர்கள், விரலி வாங்கி நீங்களே அரையுங்கள். தூள்தான் கிடைத்தது என்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். நல்ல மஞ்சள் மெதுவாக அடியில் தங்கும், மேலே தண்ணீர் இளமஞ்சளாக இருக்கும். தூவியதுமே தண்ணீர் முழுக்கச் சாயம் ஓடினால் அது வேண்டாம்.

மிளகு எங்கள் கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் ஏறுகிறது. பறித்து உதிர்த்த மணியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் காயவைத்தால் நிறம் ஒரே கறுப்பாக வரும், கிருமியும் குறையும். கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். மிளகை முன்கூட்டியே பொடித்து மாதக்கணக்கில் வைத்தால் வாசனை எண்ணெய் பறந்துவிடும், வெளிச்சம் பட்டால் பைப்பரினும் காரம் இழந்து வேறு வடிவமாகிவிடும். உங்கள் பால் பொடியில் மிளகைக் கலக்காமல், பாக்கெட்டோடு முழு மிளகைத் தனிச் சின்னப் பொட்டலமாக வைத்தால் என்ன? இடித்துப் போடுவதை வாங்குகிறவரே செய்துகொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை. பைப்பரின் மஞ்சளுக்கு மட்டும் கதவு திறப்பதில்லை, மருந்துகளைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தையும் குறைக்கிறது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினைக் குறைந்த அளவில் கொடுக்க, ஜம்மு ஆய்வகத்தின் துணையோடு பைப்பரின் சேர்த்த மாத்திரையே நம் நாட்டில் வந்தது. ரசத்தில் போடும் மிளகால் ஒன்றும் ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தேக்கரண்டி தேக்கரண்டியாகப் பொடி சாப்பிடும் பழக்கத்துக்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்களும் அப்படியே, மஞ்சளில் ஆக்சலேட் அதிகம்.

பூம்பாறைப் பூண்டு:

பூண்டுக்கு விடை சுருக்கம். நசுக்கு, பத்து நிமிடம் பொறு, பிறகு அடுப்பில் வை.

பூண்டின் நெடிக்குக் காரணமான அல்லிசின் முழுப் பல்லில் கிடையாது. அதற்கு மூலமான அல்லின் ஓர் அறையிலும் அதை மாற்றும் அல்லினேஸ் நொதி இன்னோர் அறையிலும் இருக்கின்றன. நசுக்கினால்தான் இரண்டும் சேர்ந்து அல்லிசின் உண்டாகும். முழுப் பல்லைக் கொதிக்கிற பாலில் போட்டால் நொதி முதலில் செத்துவிடும், அதனால்தான் பூண்டுப் பால் காரமே இல்லாமல் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. அதுவும் நல்ல உணவுதான், ஆனால் அல்லிசினை அதில் தேடாதீர்கள். நசுக்கியதும் எலுமிச்சையோ புளியோ ஊற்றினாலும் நொதி நின்றுவிடும். புளிப்பு, பத்து நிமிடம் கழித்து.

2019ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு பல் சின்னது, நெடி தூக்கல். நாலு பல் போடுகிற இடத்தில் இரண்டு போதும். வடுகபட்டிச் சந்தையில் வாங்கும்போது தாள் உலர்ந்து சரசரக்க வேண்டும், கழுத்து மெத்தென்று இருந்தால் ஈரம் காயவில்லை என்று பொருள்.

மலைச்சாமை அவர்களுக்கு உபயோகமான ஒன்று: தானியம், பருப்போடு பூண்டோ வெங்காயமோ சேர்ந்தால் அவற்றிலிருக்கும் இரும்பும் துத்தநாகமும் குடல் எடுத்துக்கொள்ளும் நிலைக்குக் கூடுதலாக வருகின்றன என்று சிஎஃப்டிஆர்ஐ 2010ல் காட்டியது. ஆய்வகச் சோதனைதான், மனிதரில் செய்தது இல்லை. ஆனாலும் களிக்குப் பூண்டுத் துவையல் தொட்டுக்கொள்வதில் நட்டம் என்ன இருக்கிறது?

நசுக்கிய பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து அலமாரியில் வைத்து விற்காதீர்கள். காற்றில்லாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலிசக் கிருமி வளரும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, ஆளையே கொல்லும். செய்தால் ஃப்ரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் தீர்க்க வேண்டும். தேன் பூண்டை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

மலைச்சாமை, கோத்தகிரி:

எல்லாருக்கும் நன்றி. அப்போ இரண்டு மாவு: குழந்தைகளுக்கும் ரத்தசோகைக்கும் முளைகட்டியது, சர்க்கரைக்காரருக்கு முளைகட்டாத கொரகொரப்பு மாவு. முளையைக் காயவைப்பதுதான் மிச்சம். பனிமூட்டத்தில் மூன்று நாள் வெயிலே இல்லை என்றால்? வாணலியில் வறுத்துவிடலாமா? பாக்கெட்டில் என்ன எழுதலாம்?

குன்னூர் தானியம்:

ஈர முளையை நேராக வாணலியில் போடாதீர்கள். மேலே வறுபடும், உள்ளே வெந்து பசையாகும், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், பத்து நாளில் மாவில் முடை வாடை வரும். முதலில் சல்லடைத் தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மின்விசிறிக் காற்றில் மேல் ஈரம் போகட்டும். பிறகு 50 முதல் 60 டிகிரி உலர்த்தியில் ஆறு முதல் எட்டு மணி நேரம். உலர்த்தி இல்லையென்றால் விறகடுப்புக்கு மேலே பரணில், புகை நேராகப் படாமல், தட்டை ஏற்றிவையுங்கள். அடிக்கடி புரட்டுங்கள். மூட்டத்து வாரத்தில் புதிதாக ஊறப் போடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

காய்ந்ததா என்று எடை சொல்லும். ஒரு கிலோ தானியத்தில் தொடங்கினால், வேரை உதிர்த்தபின் 900 முதல் 950 கிராமுக்குள் வர வேண்டும். ஒரு கிலோ காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்த முளையைச் சாக்கில் தேய்த்து முறத்தில் புடைத்து வேரை நீக்குங்கள், கசப்பு அதில்தான். கடைசியில் வாசம் வரும் அளவுக்கு மட்டும் இளம் சூட்டில் புரட்டுங்கள். நிறம் மாற வறுத்தால் அமைலேஸ் செத்து, குழந்தைக் கஞ்சி மறுபடி கெட்டியாகும். மில்லிலிருந்து மாவு சூடாக வரும், ஆறினபின் பாக்கெட் போடுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டும்.

பாக்கெட்டில் பொருட்கள், எடை, அரைத்த தேதி, தொகுப்பு எண், காய்ச்சும் அளவு, உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண் போடுங்கள். "ரத்தசோகை தீரும்", "சர்க்கரை குணமாகும்" என்று எழுத சட்டம் இடம் தராது. முளைகட்டிய மாவுப் பாக்கெட்டில் "சர்க்கரை உள்ளவர்களுக்கு முளைகட்டாத மாவு" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், கடையில் நிற்கும் பெண் மறந்தாலும் பாக்கெட் சொல்லும்.